வரிசையில் நிற்கும் உரிமையும் வரிசையைத் தாண்டும் விலையும்

கூட்டம் மிகுந்த கோடை விடுமுறை நாளொன்றில், மைசூர் சாலையில் பிடதிக்கு அருகே 2005-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் வண்டர்லா போன்ற ஒரு கேளிக்கைப் பூங்காவைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று, கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்த பணத்தோடு பெங்களூர் ஒக்கலிபுரத்திலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, மெஜஸ்டிக்கில் பஸ் ஏறிப் போய்ச் சேருகிற ஒரு குடும்பம், ராட்டினத்திலும் ரோலர் கோஸ்டரிலும் உண்மையாகச் சுற்றிவந்த நிமிஷங்களை மாலையில் கூட்டிப் பார்த்தால், வரிசையில் நின்ற நேரத்தில் அவை ஒரு சிறு பங்குகூடத் தேறுவதில்லை. இரும்புக் கம்பித் தடுப்புகளுக்கிடையே வளைந்து வளைந்து நகரும் அந்த வரிசையில், முழங்கால் வலியோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பாட்டியும், ஒன்றுக்குப் போன பிள்ளை திரும்பி வருவதற்குள் இடம் போய்விடுமோ என்று தவிக்கிற தாயும் படுகிற சிரமத்துக்குப் பரிகாரமாக இப்போது சொல்லப்படுவதுதான் ‘விர்ச்சுவல் க்யூ’ என்னும் மெய்நிகர் வரிசை. கைபேசியிலோ கையில் கட்டிய பட்டையிலோ முறையைப் பதிந்துகொண்டு, வேறெங்காவது நிழலில் உட்கார்ந்திருந்து, அழைப்பு வந்ததும் போய் ஏறிக்கொள்வது என்பது அதன் ஏற்பாடு. இது ஜனங்களுக்கு நன்மை செய்யக்கூடியதுதான் என்பது என் அபிப்பிராயம். ஆனால், அது எல்லாருக்கும் ஒரே வரிசையாக, தனிக் கட்டணம் இல்லாமல், கண்ணுக்குத் தெரியும்படி நடக்கும்வரையில் மட்டுமே.

நம் தெருக்களுக்கு இந்த உபாயம் புதிதன்று. கார்ப்பரேஷன் குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போகிற பெண், தன் முறை வருவதற்குள் திரும்பிவந்து குடத்தைத் தூக்கிக் குழாய்க்கு நேராக வைக்கிறாள். அவள் இல்லாத நேரத்தில் அவளுடைய ஸ்தானத்தைக் குடம் காக்கிறது. அந்த முறை அத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம், எத்தனை குடங்கள் இருக்கின்றன, எது யாருடையது, எது எப்போது நகர்ந்தது என்பதெல்லாம் தெருவிலுள்ள அத்தனை பேருக்கும் தெரியும் என்பதே. எவளாவது தன் குடத்தை இரண்டு இடம் முன்னே தள்ளினால் அந்தக் கணமே கேள்வி எழும். கம்ப்யூட்டரில் ஓடும் வரிசையிலோ, நமக்கு முன்னால் எத்தனை பேர், நடுவில் புகுந்தவர் எவர், எந்த நியாயத்தால் புகுந்தார் என்பதை நிர்வாகம் ஒன்றே அறியும். இந்தக் கட்டுரையில் நான் எச்சரிக்க வேண்டிய அபாயங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு மறைவிலிருந்து பிறப்பவை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு வண்டியில் 24 இருக்கைகள், ஒரு சுற்றுக்கு ஏற்றி இறக்குவது உள்பட மூன்று நிமிஷம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 480 பேர்தான் சுற்றிவர முடியும். 2,400 பேர் அதில் ஏற விரும்பினால், அவர்கள் வெயிலில் நின்றாலும் சரி, உணவகத்தில் உட்கார்ந்திருந்தாலும் சரி, கடைசி ஆளுக்கு ஐந்து மணி நேரம் ஆகியே தீரும். காத்திருப்போரின் தொகைக்கும், அவர்கள் காத்திருக்கும் காலத்துக்கும், மணிக்கு இத்தனை பேர் என்ற வேகத்துக்கும் உள்ள உறவை 1961-இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் கணித முறையில் நிரூபித்துவிட்டார். எந்தச் செயலியும் ஓர் இருக்கையைக்கூடக் கூடுதலாகப் படைத்துவிடாது. அதுமட்டுமல்லாமல், ஒரு வரிசையில் பெயரைப் பதிந்துவிட்டு வெளியே வந்தவர் சும்மா இருப்பதில்லை. பக்கத்திலுள்ள இன்னொரு வரிசையில் போய் நிற்கிறார், அந்த வரிசை நீள்கிறது. ஒரு மனிதர் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் காத்திருக்கும்படியான ஏற்பாடு, நிற்கிற களைப்பைக் குறைக்கலாமே ஒழிய, பூங்கா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் காத்திருப்பைக் குறைப்பதில்லை.

மேல்நாட்டு அனுபவத்திலும் நமக்குப் பாடம் இருக்கிறது. அமெரிக்காவில் டிஸ்னி பூங்காக்கள் 1999-இல் ‘ஃபாஸ்ட்பாஸ்’ என்ற முறையைக் கொண்டுவந்தபோது, நுழைவுச் சீட்டு வாங்கிய எவரும், தனிக் கட்டணம் எதுவும் இல்லாமல், இன்ன நேரத்துக்குத் திரும்பி வரலாம் என்று அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டைப் பெற்றுக்கொள்ளலாம் என்றிருந்தது. இருபத்திரண்டு வருஷங்கள் கழித்து, 2021-இல், அந்த இலவச முறை மறைந்து, அதே சௌகரியம் பணத்துக்கு விற்கப்படலாயிற்று. ஃபுளோரிடாவில் 2017-இல் யுனிவர்சல் நிறுவனம் திறந்த வால்கனோ பே என்ற நீர்ப் பூங்காவில் கைப்பட்டையின் மூலமே முறை வாங்கவேண்டும் என்று வைத்தார்கள். நீரில் இறங்குகிறவர்கள் கைபேசியை லாக்கரில் பூட்டிவைத்துவிட்டு அல்லவா போகிறார்கள், அவர்களுக்குச் செயலியால் என்ன பிரயோஜனம் என்ற யோசனை அதில் இருந்தது. நம் ஊர்ப் பூங்காக்களிலும் பல விளையாட்டுகள் நீரில்தான் என்பதால், இங்கே கைபேசிச் செயலியை மட்டும் நம்பி அமைக்கப்படும் எந்த வரிசையும், நனைந்த உடையோடு லாக்கருக்கும் சறுக்கு மரத்துக்குமாக ஜனங்களை ஓடவைப்பதில்தான் முடியும்.

இங்கே இப்போது பரவலாக விற்கப்படுவது, கூடுதல் விலை கொடுத்தவரைத் தனி வழியாக முன்னே விடும் ‘ஃபாஸ்ட் ட்ராக்’ சீட்டு. இதை மெய்நிகர் வரிசையோடு ஒன்றாக எண்ணிக் குழம்பக் கூடாது. மெய்நிகர் வரிசையில் முதலில் வந்தவர் முதலில் ஏறுகிறார், ஃபாஸ்ட் ட்ராக்கிலோ பணம் கொடுத்தவர் முதலில் ஏறுகிறார். மேலே சொன்ன வண்டியில் 24 இருக்கைகளில் எட்டைத் தனி வழிக்காரர்களுக்கு ஒதுக்கிவிட்டால், பொது வரிசைக்கு மணிக்கு 320 இடங்களே மிஞ்சுகின்றன. நமக்கு முன்னால் 640 பேர் நிற்கிறார்கள் என்றால், ஒரு மணி இருபது நிமிஷத்தில் வரவேண்டிய முறை இரண்டு மணி நேரத்துக்குத் தள்ளிப்போகிறது. “ஏம்ப்பா தம்பி, நாங்க எவ்வளவு நேரமா நிக்கிறோம், இப்ப வந்தவங்களை மொதல்ல விடுறியே?” என்று ஒரு பாட்டி கேட்கையில், “அவங்க ஃபாஸ்ட் ட்ராக் பாட்டிம்மா, நான் என்ன பண்ணட்டும்?” என்று வாயிற்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பையன் சொல்கிற பதிலில் அவன் பிழை ஒன்றுமில்லை. பாட்டியிடமிருந்து நாற்பது நிமிஷம் எடுக்கப்பட்டு இன்னொருவருக்கு விற்கப்பட்டிருக்கிறது; அந்த விற்பனை பற்றிச் சீட்டு வாங்குமுன் அவளுக்கு யாராவது சொன்னார்களா என்பதே கேள்வி.

தனி வழிச் சீட்டு விற்பது மட்டும் குற்றமாகிவிடாது. ஆனால் ஒரு சேவையின் தரம், அளவு, விலை ஆகியவற்றைத் தெரிந்துகொள்ளும் உரிமையை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோருக்கு வழங்கியிருக்கிறது. எத்தனை விளையாட்டுகள் அன்று ஓடவில்லை, காத்திருப்பு உத்தேசமாக எவ்வளவு, தனி வழிக்கு எவ்வளவு இடம் ஒதுக்கப்படுகிறது என்பவை நுழைவாயிலில் எழுதிப்போடத் தகுந்த விஷயங்கள் என்றே நான் கருதுகிறேன். இணையத்தில் சீட்டு எடுக்கும்போது, நாம் கேளாமலே ஒன்றைக் கூடையில் சேர்த்து விலையை ஏற்றுவதையும், இன்னும் சில நிமிஷம்தான், சில சீட்டுகள்தான் என்று பொய்யான அவசரத்தை உண்டாக்குவதையும், ஒரு விலையைக் காட்டிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் வேறு விலை வாங்குவதையும், 2023 நவம்பர் 30-ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடுக்கின்றன.

வீணான நேரத்துக்கு நஷ்டஈடு உண்டா என்று கேட்பவர்களுக்குப் பெங்களூரிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. 2023 டிசம்பரில், மாலை 4.05 மணிக்கு என்று அறிவித்த திரைப்படத்தை, விளம்பரங்களை ஓட்டி 4.30-க்குத் தொடங்கினார்கள் என்று பி.வி.ஆர். ஐநாக்ஸ் நிறுவனத்தின்மீது ஒருவர் தொடுத்த வழக்கில், பெங்களூர் நுகர்வோர் ஆணையம் 2025 பிப்ரவரியில் அவருக்கு மன உளைச்சலுக்காக 20,000 ரூபாயும் வழக்குச் செலவுக்கு 8,000 ரூபாயும் கொடுக்கவும், நுகர்வோர் நல நிதிக்கு ஒரு லட்சம் செலுத்தவும் உத்தரவிட்டது. மறு மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. ஆகையால் அதை முடிவான சட்டமாகக் கொள்ளலாகாது. ஆயினும், காசு கொடுத்தவனுடைய நேரத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று ஒரு நியாயஸ்தலம் எழுதிவைத்தது சாமானியமான விஷயம் அன்று.

கைபேசி இல்லாதவர், இருந்தும் எழுதப்படிக்க இயலாதவர், கண் பார்வை குறைந்தவர் ஆகியோரை எண்ணிப்பார்க்கும்போதுதான் எனக்குப் பெரிய கவலை உண்டாகிறது. சபரிமலையில் 2011 முதல் நடந்துவரும் விர்ச்சுவல் க்யூவில், 2024-ஆம் ஆண்டு மண்டல காலத்துக்கு முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே தரிசனம் என்று முதலில் அறிவித்த கேரள அரசு, பக்தர்களின் எதிர்ப்பைக் கண்டபின் நேரில் பதிந்துகொள்ளவும் இடம் கொடுத்தது. இணைய வழிச் சேவைகள் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டும்படி இருக்கவேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவின்கீழ் உயிர் வாழும் உரிமையில் அடங்கியது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி தீர்ப்பளித்திருக்கிறது. எனவே எந்த மெய்நிகர் வரிசைக்கும் பக்கத்தில், ஒரு மேஜை, ஒரு ஆள், ஒரு காகித டோக்கன் என்ற வசதி இருந்தே ஆகவேண்டும் என்று கேட்பதில் கூச்சப்படத் தேவையில்லை. பில் போடுவதற்குக் கைபேசி எண்ணைக் கட்டாயமாகக் கேட்கலாகாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே வியாபாரிகளுக்கு அறிவுறுத்தியதையும் நினைவில் வைக்கலாம். குழந்தைகளின் பெயர், வயது, பூங்காவுக்குள் அவர்கள் நடமாடிய தடம் ஆகியவற்றைச் செயலிகள் சேகரிக்கக்கூடும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களைப் பெற்றோரின் சம்மதமின்றிக் கையாளக் கூடாது என்பது 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக அமலுக்கு வருகின்றன.

உயிருக்கே வரும் ஆபத்தை இதோடு சேர்த்துச் சொல்லாமல் விட முடியாது. மலைமேல் நெரிசல் கூடாது என்பதற்காக ஏற்பட்ட தரிசன டோக்கனை, 2025 ஜனவரி 8-ஆம் தேதி திருப்பதி நகரத்தில் கொடுக்கத் தொடங்கும் வேளையில், அந்த டோக்கனுக்காகக் கூடிய கூட்டத்திலேயே நெரிசல் ஏற்பட்டு 6 பேர் மாண்டார்கள். அதே வருஷம் ஜூன் 4-ஆம் தேதி, நம் பெங்களூர் சின்னசாமி கிரிக்கெட் மைதானத்தின் வாயில்களில், யாருக்கு அனுமதி, எங்கே சீட்டு என்ற குழப்பத்தினிடையே 11 பேர் மாண்டார்கள். வரிசையை ஓரிடத்திலிருந்து எடுத்தால் அது வேறோரிடத்தில் போய் நிற்கும். அந்த இடத்துக்குத் தடுப்பும் குடிநீரும் காவலும் யார் ஏற்பாடு செய்தார்கள் என்று எவரும் கேட்பதற்கு உரிமை உண்டு.

பூங்காவுக்குப் புறப்படுகிறவர் செய்துகொள்ள வேண்டியவை அதிகமில்லை. பணம் கட்டுமுன் வரும் விலைப் பக்கத்தையும், நிபந்தனைகளையும் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்; மழையாலோ பழுதாலோ விளையாட்டு நின்றால் தனி வழிக் கட்டணம் திரும்புமா என்று சீட்டுக் கவுன்ட்டரில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கப் பாருங்கள்; காத்திருப்பு நேரம் காட்டும் பலகையையும் நீங்கள் ஏறிய நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். குறை ஏற்பட்டால் முதலில் நிர்வாகத்துக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். அதற்குப் பலனில்லையென்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தால் தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். உங்களுக்கு மட்டுமின்றி எல்லாருக்கும் இழைக்கப்படும் அநீதி என்று தோன்றினால், மாவட்ட ஆட்சியரான டி.சி.யிடம் எழுத்து மூலம் முறையிடவும் சட்டம் இடம் கொடுக்கிறது. கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த பணம் 5 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் கட்டணமே இல்லை, வக்கீல் அவசியமில்லை, ‘இ-ஜாக்ரிதி’ இணையதளத்தின் வழியே வீட்டிலிருந்தபடியே மனுவைப் பதியலாம். பூங்கா வேறு மாவட்டத்தில் இருந்தாலும், குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள், நீங்கள் வசிக்கிற பெங்களூரிலேயே வழக்குத் தொடுக்கலாம்.