அயலூர் லைசென்ஸ் – 11: பதினைந்து மீட்டர் பாலம்

ஜப்பானில் குடியேறும் இந்தியருக்கு, 1949 ஜெனிவா ஒப்பந்தப்படி நம் ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச அனுமதி ஓராண்டுதான் செல்லும். அதன்பின் இந்திய லைசென்ஸை ஜப்பானிய லைசென்ஸாக மாற்றியாக வேண்டும். இதுவரை பார்த்தாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும். இந்திய லைசென்ஸ் வாங்கிய பிறகு குறைந்தது மூன்று மாதம் இந்தியாவிலேயே இருந்ததைக் காட்டவேண்டிய சங்கடத்தை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குக் குறிப்பெடுக்கும்போது குறுக்கே ஒரு பாலம் வந்து விழுந்தது. அகலம் 30 செ.மீ., நீளம் 15 மீட்டர், தரையிலிருந்து உயரம் 5 செ.மீ. பாஸ்போர்ட் முத்திரைகள் ஒரு வாரம் காத்திருக்கட்டும். அவை எங்கும் போய்விடாது.

ஜப்பானியத் தேர்வுத் தளங்களில் மோட்டார் சைக்கிளுக்கென்றே இந்தக் குறுகிய மேடை போட்டிருக்கிறார்கள். பைக்கை அதன்முன் நிறுத்தி, கிளப்பி, மேடை மேல் ஏற்றி, மறுமுனையில் இறக்க வேண்டும். இதிலென்ன பிரமாதம் என்று கேட்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்கவும். 400 சிசி வரையிலான பைக் என்றால் 7 விநாடிக்குக் குறையாமலும், அதற்கு மேற்பட்ட பெரிய பைக் என்றால் 10 விநாடிக்குக் குறையாமலும் கடக்க வேண்டும். குறையாமல் என்பதைக் கவனியுங்கள். 15 மீட்டரை 7 விநாடியில் கடந்தால் வேகம் மணிக்கு 7.7 கி.மீ.; 10 விநாடி என்றால் 5.4 கி.மீ., அதாவது நாம் கடைத்தெருவுக்கு நடந்து போகிற வேகம். பயிற்சிப் பள்ளிகளில் பல்லாண்டு ஓடிய ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோரின் பின் டயரே 16 செ.மீ. அகலம். அது நட்ட நடுவில் உருண்டால் பக்கத்துக்கு 7 செ.மீ. மிச்சம். மேடையில் ஏறியதும் இடது கை கிளட்சை முழுதாக விடாமல் பாதியில் பிடித்திருக்கும், வலது கால் பின் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே இருக்கும், முழங்கால் இரண்டும் டேங்க்கைக் கவ்வியிருக்கும், ஹேண்டில்பார் இடமும் வலமும் பொடிப்பொடியாக அசையும். கண் மட்டும் முன் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் சக்கரம் மேடையை விட்டு இறங்கிவிடும்.

மதிப்பெண் கணக்கு இன்னும் சுவாரசியம். நூறிலிருந்து கழித்துக்கொண்டே வருவார்கள். கடைசியில் 70 மிச்சமிருந்தால் பாஸ். பாலத்தில் ஒரு விநாடி குறைந்தால் 5 மதிப்பெண் போகும். சக்கரம் கீழே இறங்கினாலோ அந்த இடத்திலேயே தேர்வு முடிந்தது, தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஏழு விநாடிப் பாலத்தை ஐந்தில் கடந்தவர் பத்து மதிப்பெண்ணைத் தொலைத்துவிட்டுத் தேர்வைத் தொடரலாம். ஆட்டம் கண்டால் கொஞ்சம் வேகத்தைக் கூட்டித் தப்பிவிடு என்று பயிற்சி பெறுகிறவர்களுக்குச் சொல்லித் தருவதன் நியாயம் இதுதான். அவசரத்துக்கு ஒரு விலை உண்டு, கட்டிவிடலாம். தடுமாறி விழுவதற்கு விலையே கிடையாது. ஒரு தேர்வு எதை மதிக்கிறது என்பதை அதன் விதிமுறைப் புத்தகத்தைவிட அதன் அபராதப் பட்டியல் தெளிவாகச் சொல்லும்.

இந்தப் பாலம் வெறும் சடங்கு, வெளிநாட்டுக்காரரை மடக்கப் போட்ட முட்டுக்கட்டை என்ற புலம்பல் பரவலாக உண்டு. நான் ஏற்கமாட்டேன். ஓரளவு வேகம் எடுத்துவிட்ட இருசக்கர வாகனம் பெருமளவு தானே நிமிர்ந்து நிற்கும். ஓட்டுபவர் அதற்கு இடைஞ்சல் செய்யாமல் இருந்தாலே போதும். அது எதனால் என்ற விவாதம்கூட முடிந்தபாடில்லை. சுழலும் சக்கரத்தின் கைரோ விளைவுதான் காரணம் என்று பள்ளியில் படித்தோம். அந்த விளைவை நீக்கிய ஒரு சைக்கிளும் தானே நிமிர்ந்து ஓடுவதை 2011-ல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு குழு காட்டிவிட்டது. காரணம் எதுவானாலும், வேகம் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கியதும் அந்தத் தயவு நின்றுபோகிறது. அதன்பின் வண்டியை நிமிர்த்தி வைத்திருப்பது மனிதரின் கையும் காலும் கண்ணும்தான். ஆகவே, மணிக்கு 60 கி.மீ.யில் நேராகப் போய்க் காட்டுவது பெரும்பாலும் பைக்கின் திறமை, 7 கி.மீ.யில் நேராகப் போவது ஓட்டுபவரின் திறமை. தேர்வாளர் அளக்கவேண்டியது இரண்டாவதைத்தான். நம்மூர் ஆர்.டி.ஓ. மைதானத்தில் கால் ஊன்றாமல் எட்டுப் போடச் சொல்வதற்கும் இதுவே அடிப்படை. ஆனால் எட்டுப் போடும்போது யாரும் விநாடியை எண்ணுவதில்லை. கொஞ்சம் வேகமாக வளைத்து ஓட்டிச் சமாளித்துவிடலாம்.

மணிக்கு 7 கி.மீ.யில் போய் யார் சாகிறார்கள், உயிர் போவது வேகத்தில்தானே என்பது பலமான எதிர்வாதம். இதற்கு முழுப் பதில் இல்லை, பாதிப் பதில் உண்டு. பாலம் தனியாக நிற்கவில்லை. கூம்புகளுக்கிடையே நெளிந்து செல்வதில் கடிகாரம் தலைகீழாகிறது: 400 சிசிக்கு 8 விநாடிக்குள், பெரிய பைக்குக்கு 7 விநாடிக்குள் முடித்தாக வேண்டும். 40 கி.மீ. வேகத்தில் வந்து, உலர்ந்த தரையில் 11 மீட்டருக்குள் நிறுத்திக் காட்டும் பகுதியும் இருக்கிறது. பிரிட்டனின் முதல் கட்டத் தேர்விலும் மெதுவாக ஓட்டும் பகுதி உண்டு, ஆனால் அளவுகருவி அங்கே வேகத்துக்குத்தான்: 50 கி.மீ.க்குக் குறையாத வேகத்தில் வந்து தடையைச் சுற்றி விலக வேண்டும். சந்திப்பில் நேராக வரும் பைக்குக்குக் குறுக்கே கார் வலப்புறம் திரும்பும் விபத்து, இடப்பக்கம் ஓட்டும் நாடுகள் எல்லாவற்றுக்கும் தெரிந்த விபத்து. அதிலிருந்து காப்பாற்ற எந்தப் பாலமும் கற்றுத் தராது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், கிளட்சும் பிரேக்கும் கைகாலுக்குப் பழகியிருக்கிறதா என்று சில விநாடியில் கண்டுபிடிக்க இதைவிட மலிவான கருவி எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் வெளிநாட்டுக்காரரின் மனக்குறையில் நியாயமே இல்லையா? உண்டு. அவர் விரல் நீட்டும் இடம்தான் தவறு. இதற்கு ஜப்பானியர்களின் சொந்த வரலாறே சாட்சி. 1965-க்கு முன் அங்கே கார் லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு எந்த சிசி பைக்கும் ஓட்டும் உரிமை இனாமாகவே ஒட்டிக்கொண்டு வந்தது. பாலத்தில் ஒருநாளும் ஏறாத தாத்தாக்கள் சட்டப்படி 1000 சிசி ஓட்டலாம். 1975-ல் 400 சிசி என்ற கோடு கிழிக்கப்பட்டது. ஹோண்டாவின் புகழ்பெற்ற சிபி400 ஃபோர் அப்போது சந்தைக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அதன் கொள்ளளவு 408 சிசி! எட்டே எட்டு சிசி, கோட்டுக்கு அந்தப் பக்கம். மறு ஆண்டே பிஸ்டன் ஓடும் தூரத்தை 50 மி.மீ.யிலிருந்து 48.8 ஆக்கி, 398 சிசி பைக்காக உள்ளூரில் விற்றார்கள். ஒரு லைசென்ஸ் விதி ஓர் எஞ்சினையே வெட்டித் தைத்த கதை இது. இந்த எஞ்சினைப் பற்றியே ஒரு அத்தியாயம் எழுதலாம், ஆசிரியர் அனுமதிக்கமாட்டார்.

கோட்டைத் தாண்டிப் பெரிய பைக் ஓட்ட விரும்பியவர் அன்றைக்குத் தேர்வு மையத்துக்கே போய் நேரடித் தேர்வில் தேற வேண்டும், பயிற்சிப் பள்ளி வழி கிடையாது. திரும்பத் திரும்பப் போய்த் தோற்று வருவதுதான் அந்தக் காலத்து வழக்கம். 1996 செப்டம்பரில் பெரிய பைக்குக்கும் பள்ளிகள் பயிற்சி தரலாம் என்றானது. பெரிய பைக் விற்கும் அமெரிக்காவின் வணிக நெருக்குதலுக்கும் அதில் பங்கு உண்டு. பாலத்தை யாரும் எடுத்துவிடவில்லை. ஆனால் எட்டாக்கனியாக இருந்த லைசென்ஸ் சாதாரண மனிதர்கள் கைக்கு வந்தது. அப்படியென்றால் அதுவரை ஆட்களை வடிகட்டியது பாலம் அல்ல. ஏறிப் பழக ஓர் இடம் இல்லாமல் போனதுதான்.

இன்று அந்த இடத்தில் நிற்பவர் வெளிநாட்டுக்காரர். கார் லைசென்ஸ் வைத்திருக்கும் ஜப்பானியர் ஒருவர் 400 சிசி லைசென்ஸுக்காக அங்கீகாரம் பெற்ற பள்ளியில் சேர்ந்தால், 17 பாடவேளை வண்டி ஓட்டிப் பழகுகிறார். பிறகு அதே பள்ளியின் தளத்தில், பழகிய அதே பாலத்தில், பள்ளியின் தேர்வாளர் முன் ஓட்டிக் காட்டுகிறார். தேறினால் அரசு மையத்தில் செய்முறைத் தேர்வே கிடையாது. ஜெர்மனி, தென்கொரியா, தைவான் போன்ற பட்டியல் நாடுகளின் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் பொதுவாகச் செய்முறைத் தேர்விலிருந்து விலக்கு. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே பத்து வருடம் புல்லட் ஓட்டிய இந்தியர், தோக்கியோவின் சமேஸு அல்லது ஃபுச்சூ மையத்துக்குப் போய், முன்பின் ஏறியிராத பைக்கில், முன்பின் பார்த்திராத பாலத்தில் ஏறுகிறார். ‘உமக்கு ஏற்கெனவே ஓட்டத் தெரியும்’ என்ற அனுமானத்தில்தான் அரசு அவரைப் பள்ளிக்கு அனுப்பாமல் விடுகிறது. சோதிப்பதோ பள்ளியில் மட்டுமே பழகக் கிடைக்கும் ஒன்றை. 15 மீட்டர் மேடை எந்தத் தெருவிலும் இல்லை.

அவரும் பணம் கட்டிப் பள்ளியில் பழகட்டுமே என்று கேட்கலாம். மாற்று லைசென்ஸுக்கு வருகிறவர்களுக்கு மணிக்கணக்கில் தளத்தையும் ஆசிரியரையும் தரும் பள்ளிகள் இருக்கின்றன; வசதியுள்ளவர் முதலில் செய்யவேண்டியதும் அதுதான். ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் பாடம் ஜப்பானிய மொழியில். ஒப்பந்தத் தொழிலாளியாகச் சிற்றூர்த் தொழிற்சாலைக்குப் போனவருக்கு அந்த வழி பாதி அடைபட்டது. விபத்தைத் தடுக்கவே இந்தக் கண்டிப்பு என்று அரசுத் தரப்பு சொல்லுமானால் அதுவும் இடிக்கிறது. அதே இந்தியர் சர்வதேச அனுமதியோடு வந்திறங்கிய முதல் ஆண்டில், எந்தப் பாலத்திலும் ஏறாமல், எந்தப் பெரிய பைக்கையும் சட்டப்படி ஓட்டலாம். நம் லைசென்ஸில் சிசிக்கு மேல்வரம்பே கிடையாது. முதல் 365 நாள் ஆபத்தில்லாதவர் 366-ம் நாள் எப்படி ஆபத்தானவர் ஆகிறார்? ஒப்பந்தம் என்பது நாடுகளுக்கிடையேயான கொடுக்கல் வாங்கல், விருந்தாளிக்குக் காட்டும் சலுகையை வீட்டோடு இருப்பவருக்குக் காட்ட வேண்டியதில்லை என்பது சட்டரீதியான பதில். சரியான பதிலும்கூட. அதைச் சொன்ன பிறகு பாதுகாப்பைக் காரணம் காட்ட முடியாது, அவ்வளவுதான்.

பாலத்தை எடுக்க வேண்டாம், 7 விநாடியை 6 ஆக்கவும் வேண்டாம். தேர்வு மையத் தளத்தை, மாற்று லைசென்ஸுக்குப் பதிவு செய்தவர்களுக்கு வாரத்தில் ஒரு மாலை கட்டணத்துக்குத் திறந்துவிடலாம். தளத்தை நடந்து பார்க்க விடும் மையங்களுக்கு, ஓட்டிப் பார்க்க விடுவது பெரிய காரியமல்ல. ஆனால் காற்று வீசுவது எதிர்த்திசையில். 2025 அக்டோபர் 1 முதல் மாற்று லைசென்ஸுக்கான எழுத்துத் தேர்வில் கேள்விகள் பத்திலிருந்து ஐம்பதாகிவிட்டன. நாற்பத்தைந்து சரியாக வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து மாற்றிக்கொள்ளும் வழியும் அன்றோடு அடைபட்டது. அதையும், சொல்லி ஏமாற்றிய மூன்று மாதக் கணக்கையும் சேர்த்து அடுத்த வாரம். லைசென்ஸ் எடுத்த கையோடு விமானம் ஏறியவர்கள் பழைய பாஸ்போர்ட்டையும் தேடி எடுத்து வைத்துக்கொள்ளவும்.