தாக்குதலைத் தணிக்கும் செல்கள்

முடக்குவாதம், லூபஸ் போன்ற தன்னுடல் தாக்கு நோய்களுக்கு, அதாவது உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் அதே உடலின் திசுக்களைப் பகையாகக் கருதித் தாக்கும் நோய்களுக்கு, இன்று வழங்கப்படும் மருந்துகளுள் பல அந்த ஆற்றலைப் பரவலாகத் தளர்த்துகின்றன. ஆதலால் மூட்டு வலி தணியும்போதே காசநோய் போன்ற தொற்றுகள் தலைதூக்கும் அபாயமும் கூடுகிறது. நோயுள்ள இடத்தில் மட்டும் தாக்குதலை அடக்க இயலுமா என்ற கேள்விக்கு, இயற்கையே உடலுக்குள் ஒரு விடையை வைத்திருக்கிறது.

1995-இல் ஜப்பானிய அறிஞர் ஷிமோன் சகாகுச்சி, எதிர்ப்பாற்றலின் அங்கமான டி செல்களுள் சிடி25 என்ற புரதத்தை மேற்பரப்பில் தாங்கியவற்றை நீக்கிவிட்டு எஞ்சியவற்றை மட்டும் தைமஸ் சுரப்பியற்ற எலிகளுக்குச் செலுத்தியபோது பல உறுப்புகளில் தன்னுடல் தாக்குதல் மூண்டதையும், நீக்கியவற்றைத் திரும்பச் சேர்த்தபோது அது தடுக்கப்பட்டதையும் காட்டினார். பிற டி செல்களைக் கட்டுக்குள் வைக்கும் இவையே ஒழுங்காற்று டி செல்கள். 2001-இல் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் கண்டறிந்த ஃபாக்ஸ்பி3 மரபணுவே இவற்றின் இயல்பை நிலைநிறுத்துகிறது என்பதும், அம்மரபணு பழுதுபட்ட ஆண் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே ஐபெக்ஸ் என்னும் கொடிய நோய் தோன்றுகிறது என்பதும் பின்னர் தெளிவாயின. மூவருக்கும் 2025-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இச்செல்களையே மருந்தாக்கும் வழியில், நோயாளியின் இரத்தத்திலிருந்து அவற்றைப் பிரித்துப் பெருக்கித் திரும்பச் செலுத்தும் முயற்சி முதற்படி. அமெரிக்காவில் முதல் வகை நீரிழிவு கொண்ட 14 பேருக்கு அவ்வாறு செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு, சிகிச்சை பாதுகாப்பானது என்றும் செலுத்திய செல்களில் ஒரு பகுதி ஓராண்டுக்குப் பின்னும் இரத்தத்தில் இருந்தது என்றும் காட்டியது. ஆனால் எந்த உறுப்பை நாட வேண்டும் என்ற குறிப்பு எதுவும் அச்செல்களுக்குத் தரப்படவில்லை. அந்தக் குறிப்பைத் தருவதே மரபணுப் பொறியியலின் பணி. குறிப்பிட்ட திசுவின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் செயற்கை ஏற்பியை உருவாக்கும் மரபணு, பெரும்பாலும் தீங்கற்றதாக்கப்பட்ட வைரஸின் வழியே, செல்லுக்குள் சேர்க்கப்படுகிறது. புற்றுநோய்க்கு இதே உத்தியைக் கையாளும்போது ஒவ்வொரு நோயுற்ற செல்லையும் இனங்கண்டு கொல்ல வேண்டியிருக்க, இங்கோ அத்தகைய துல்லியம் தேவையில்லை: ஒழுங்காற்றுச் செல் உரிய திசுவில் தங்கிச் செயல்படத் தொடங்கினால் போதும், அது சுரக்கும் பொருள்கள் அண்டையிலுள்ள தாக்கும் செல்களையும், அவை எந்தப் புரதத்தைக் குறிவைத்தாலும், அடக்கிவிடக்கூடும். நோயைத் தொடங்கிவைத்த புரதம் எதுவென்றே பல நோய்களில் உறுதியாகத் தெரியாத நிலையில், இம்முறையின் உண்மையான வலிமை இதுவே எனலாம்.

இதன் பலவீனமும் செல்லின் இயல்பிலேயே அமைந்துள்ளது. கடும் அழற்சியின் நடுவே சில ஒழுங்காற்றுச் செல்கள் ஃபாக்ஸ்பி3-ஐ இழந்து தாக்கும் செல்களாகவே மாறக்கூடும் என்பதால், அம்மரபணுவைக் கூடுதலாகச் சேர்ப்பதும், தேவை நேர்ந்தால் செல்களை அழிக்கும் பாதுகாப்பு விசை ஒன்றைப் பொருத்துவதும் பரிசோதிக்கப்படுகின்றன. செயற்கை ஏற்பி பொருத்திய இச்செல்களின் முதற்கட்ட மனிதச் சோதனைகள் தன்னுடல் தாக்கு நோயில் தொடங்காமல் சிறுநீரக, கல்லீரல் மாற்று நோயாளிகளிடம் தொடங்கியதற்குக் காரணம் உண்டு: தானமளித்தவரிடம் மட்டும் உள்ள எச்எல்ஏ-ஏ2 என்ற புரதம் அங்கே தெளிவான இலக்காகக் கிடைக்கிறது. முடக்குவாதத்துக்கான சோதனை, வீங்கிய மூட்டுகளில் சேரும் வேதிமாற்றமடைந்த புரதங்களை இலக்காகக் கொண்டு அதன்பின் வந்தது.

எனினும் இன்றைய நிலையில் மருத்துவமனையை நெருங்கி நிற்பது மற்றொரு வழியே. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் கியோர்க் ஷெட் குழுவினர் எதிர்ப்பொருள்களை உருவாக்கும் பி செல்களைக் கொல்லும் பொறியியல் டி செல்களை லூபஸ் நோயாளிகள் ஐவருக்குச் செலுத்தி, மருந்தின்றியே நோய் அடங்கியதை 2022-இல் வெளியிட்டனர். அழிக்கும் முறைக்குக் கிடைத்துள்ள இத்தகைய மனிதச் சான்றைத் தணிக்கும் முறை இனிமேல்தான் ஈட்ட வேண்டும். அதோடு ஒவ்வொரு நோயாளிக்கும் அவரவர் செல்லிலிருந்து தனித்தனியே மருந்து தயாரிக்கும் பெருஞ்செலவு இரு முறைகளுக்குமே பொது.