மீட்சிக் காலமும் முதலீட்டில் நிதானமும்

மழை பொய்த்த ஆண்டில் பணத்தைச் செலவிட விவசாயிகள் தயங்குகின்றனர். மழை திரும்பியவுடன் அத்தயக்கம் முற்றிலும் அகன்றுவிடுகிறது. ஆயினும், மிகுந்த எச்சரிக்கை தேவைப்படுவது பின்னைய காலத்திலேதான். வறட்சியினால் கையிருப்பு கரைந்துபோன நிலையில், எஞ்சிய நகையையும் புதிதாகப் பெற்ற கடனையும் ஒரே போகத்தில் இட்டு, அதுவும் தவறுமாயின் குடும்பம் மீண்டும் எழுவது அரிது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் அனுபவத்தைக் கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட ஏறத்தாழ 62 சதவிகிதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அரசாங்கம் அறிவித்தது. அவ்வாண்டுத் தென்மேற்குப் பருவமழை நன்கு பெய்யவே, நம்பிக்கை திரும்பியது. நம் கரிசல் நிலங்களில் மானாவாரி மக்காச்சோளம் பரவலாக விதைக்கப்பட்டது. 2018இல் வந்தது படைப்புழு. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இப்புழு 2016இல் ஆப்பிரிக்காவிலும், 2018 மே மாதத்தில் கர்நாடகத்திலும் காணப்பட்டது. அவ்வாண்டிலேயே நம் மாவட்டங்களுக்கும் பரவி, குருத்தைத் தின்று மக்காச்சோளப் பயிருக்குப் பெருஞ்சேதம் விளைவித்தது. வானத்தை நோக்கி அஞ்சியிருந்தவர்களுக்கு அடி வேறு திசையிலிருந்து வந்தது. ஒரு துன்பம் நீங்கியதனால் எல்லாத் துன்பங்களும் நீங்கிவிட்டன என்று கொள்ளலாகாது என்பதே இதன் படிப்பினை.

இஃது உழவுக்கு மட்டும் உரியதன்று. 1929இல் அமெரிக்கப் பங்குச் சந்தை வீழ்ந்தது. 1930 ஏப்ரல் மாதத்திற்குள் இழந்த மதிப்பில் ஏறக்குறைய பாதி திரும்பியது. நெருக்கடி தீர்ந்தது என்று கருதி அப்போது பணம் இட்டோர் பலர். ஆனால் சந்தை மீண்டும் சரிந்து, 1932 ஜூலையில் உச்ச நிலையின் பத்தில் ஒரு பங்கு அளவிற்குத் தாழ்ந்தது. தொடக்க மீட்சி உண்மையாகவும் இருக்கலாம், தோற்றமாகவும் இருக்கலாம். பொறுத்திருந்து பார்ப்பவருக்கே வேறுபாடு விளங்கும்.

நம்மிடையே இத்தோற்றம் கிணற்றில் காணப்படுகிறது. நல்ல மழைக்குப் பின்னர் மார்கழி, தை மாதங்களில் ஆழ்துளைக் கிணறு தோண்டினால் நீர் பெருகி வருகிறது. அதனை நம்பி மோட்டாரும் குழாயும் வாங்கி, நீண்டகாலப் பயிரும் இடுகின்றனர். பாறைப் பாங்கான நிலத்தில் நீர் தங்குமிடம் வெடிப்புகளே ஆதலால், அந்நீர் விரைவில் வற்றுகிறது. சித்திரை, வைகாசியில் கிணறு எவ்வளவு நீர் தருகிறதோ அதுவே அதன் உண்மையான வலிமை. ஒரு கோடையைக் கண்ட பின்னரே பெருஞ்செலவில் இறங்குதல் நன்று.

சின்ன வெங்காயத்திலும் இவ்வாறே. விலை உச்சத்தில் இருக்கும்போது விதை வெங்காயத்தையும் உயர்ந்த விலைக்கே வாங்க நேரிடுகிறது. அனைவரும் ஒருங்கே நட்டால், அறுவடையும் ஒருங்கே சந்தைக்கு வந்து விலை வீழ்கிறது.

ஆகவே செய்யத்தக்கது யாது? ஆறு ஏக்கர் மானாவாரி நிலமும், 1,80,000 ரூபாய் கையிருப்பும், 50,000 ரூபாய் நகைக் கடனும் உடைய ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் 50,000 ரூபாய் செலுத்தி நகையை மீட்கலாம். 80,000 ரூபாயைப் பயிருக்கு ஒதுக்கி, நான்கு ஏக்கரில் மக்காச்சோளமும் எஞ்சிய இரண்டில் செலவு குறைந்த உளுந்தும் விதைக்கலாம். மீதி 50,000 ரூபாயை அடுத்த போகம் வரை தொடாதிருக்க வேண்டும். பயிர் முற்றிலும் பொய்த்தாலும் நகை வீட்டில் இருக்கும்; மறு விதைப்புக்குப் பணமும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே பயிரில் இட்டவருக்கு இவ்விரண்டும் இரா.

பயிர்க் காப்பீட்டையும் விட்டுவிடலாகாது. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உணவுப் பயிர்களுக்கு விவசாயி செலுத்துவது காப்பீட்டுத் தொகையில் 2 சதவிகிதத்திற்கு மேற்படாது. பருத்தி, வெங்காயம் போன்றவற்றிற்கு 5 சதவிகிதம் வரை ஆகும். ஒதுக்கி வைக்கும் பணத்தை மாதந்தோறும் பெரும் வட்டி தருவதாகக் கூறி வருவோரிடம் ஒப்படைத்தல் ஆகாது. வங்கியிலோ மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கியிலோ இட்டால், ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்புறுதி உண்டு.

ஊராட்சிகளுக்கும் இதில் பங்குண்டு. மே முதல் நாள் கிராம சபை கூடுவது கடுங்கோடையிலே. அன்று ஊரிலுள்ள சில கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து, அலுவலகப் பலகையில் எழுதி வைத்தல் சிறந்தது. சில ஆண்டுகள் இவ்வாறு செய்துவரின், புதிய கிணறு தோண்ட எண்ணுவோருக்கு அப்பலகையே நம்பத்தக்க ஆலோசனையாக விளங்கும். ஏரியையும் வரத்து வாய்க்காலையும் வறண்ட மாதங்களிலேயே தூர்வாரி முடித்தல் வேண்டும். நீர் நிறைந்த பின் அப்பணி இயலாது.

நிதானம் என்பது செயலற்றிருத்தல் அன்று. கரிசல் நிலத்து உழவர் முதல் தூறலுக்கு விதையைத் தூவுவதில்லை. உழுது வைத்து, மண் ஆழ நனையும் மழைக்குக் காத்திருக்கின்றனர். விதைக்குக் காட்டும் அந்தப் பொறுமையைப் பணத்திற்கும் காட்டுவோமாக.