யூஸ்நெட்: உரிமையாளர் இல்லாத பேச்சு

யூஸ்நெட் மாதிரியான பழைய விவாத அமைப்புகளை இன்னமும் பராமரிக்கத்தான் வேண்டுமா? எவனும் வராத டீக்கடையை எதுக்குத் திறந்து வைக்கணும் என்று கேட்கிறார் நண்பர் ஒருவர். இதைக் கூட்டக் கணக்காகப் பார்ப்பதில் எனக்குச் சம்மதமில்லை. பேச்சு யாருடைய உடைமை என்ற அதிகாரப் பிரச்சினை இதற்குள் இருக்கிறது.

1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் யோசித்த அமைப்பு இது. மையம் கிடையாது. நான் எழுதுகிற குறிப்பு முதலில் என் சர்வருக்குப் போகும். அது பக்கத்து சர்வரிடம், 'இந்த எண்ணுள்ள குறிப்பு என்கிட்ட இருக்கு, வேணுமா' என்று கேட்கும். வேண்டுமென்றால் ஒரு பிரதி போகும். அங்கிருந்து இன்னொன்றுக்கு. மூலப்பிரதி என்று தனியே எதுவும் இல்லை, எல்லாம் பிரதிகள்தான். (பின்நவீனத்துவம் பேசிய நம்மவர்கள் இதைக் கண்டுகொள்ளாதது வேடிக்கை.) 2010இல் டியூக்கே தன் சர்வரை மூடியது. யூஸ்நெட் நிற்கவில்லை.

மாறாக, மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று தமிழில் சூடாக விவாதம் நடந்த குழுமங்கள் யாஹூவின் இடத்தில் இருந்தவை. 2020இல் யாஹூ கடையைச் சாத்தியது. அவரவர் எடுத்து வைத்திருந்ததுதான் மிச்சம்.

அதற்காக யூஸ்நெட்டைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. உரிமையாளர் இல்லாத இடத்தில் காவலும் இல்லை. 1994இல் இரண்டு வக்கீல்கள் கிரீன் கார்டு விளம்பரத்தை ஆயிரக்கணக்கான குழுக்களில் கொட்டினார்கள். பெயரை மோசடி செய்து அடுத்தவர் குறிப்பை அழிக்கவும் வழி இருந்தது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஞாபகத்தில். சர்வர்கள் பழையதைக் கழித்துவிடும். 1995இல் தேஜாநியூஸ் என்ற நிறுவனம் சேமிக்கத் தொடங்கியது. 2001இல் கூகுள் அதை வாங்கியது. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஹென்றி ஸ்பென்சர் காந்த நாடாக்களில் காப்பாற்றி வைத்திருந்த எண்பதுகளின் விவாதங்களும் அங்கேயே போய்ச் சேர்ந்தன. பேச்சு ஊரெல்லாம் பரவியிருக்க, அதன் வரலாறு ஒரு கம்பெனியின் கையில் குவிந்தது. 2024 பிப்ரவரி 22 முதல் கூகுள் புதிய குறிப்புகளை வாங்குவதை நிறுத்திவிட்டது. பழையதைப் படிக்கலாம், அதுவும் அவர்கள் அனுமதிக்கிற வரை. தமிழர்கள் அடித்துக்கொண்ட சோக்.கல்ச்சர்.தமிழும் அந்தக் கிடங்கில்தான் கிடக்கிறது.

படம், சினிமாக் கோப்புகளை ஒதுக்கி எழுத்தை மட்டும் ஏற்றும் யூஸ்நெட் சர்வருக்குப் பெரிய செலவில்லை; சாதாரணக் கணினி போதும். பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் ஆளுக்கொன்று நடத்தலாம், ஒரே ஒரு நிபந்தனையோடு: பழைய குறிப்புகளைக் கழிக்கக் கூடாது.