தொன்மைச் சின்னமும் அண்டை வீடும்



தம் பழைய வீட்டை விரும்பியவாறு இடிக்கவும் கட்டவும் ஒருவருக்கு முழு உரிமை உண்டன்றோ என்று கல்லூரி மாணவர் ஒருவர் அண்மையில் என்னைக் கேட்டார். ஆம் என்று உடனே விடை பகர எனக்கு நா எழவில்லை. தாராசுரத்தில் உள்ள என் நண்பரின் வீடு நினைவுக்கு வந்தது.

நண்பர் பட்டு நெசவாளர். திண்ணை, ரேழி, கூடத்திலே தறி, பின்கட்டு, மேலே நாட்டு ஓடு என்று பாட்டனார் கட்டிய வீடு அது. இரண்டாம் இராசராசன் 12-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயில் அருகிலேயே இருக்கிறது. 2004-இல் அக்கோயில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றானபோது அவர் பெரிதும் மகிழ்ந்தார். பின்னர் மகனுக்கு மணம் முடித்து, மாடியில் ஓர் அறை எழுப்ப முனைந்தார். முடியாது என்று அறிந்தார். உலகச் சின்னம் ஆனதால் வந்த தடை இது என்று அவர் எண்ணினார். அன்று; நடுவண் அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னம் சிறியதாயினும் பெரியதாயினும் விதி ஒன்றே.

அவ்விதி யாது? 1958-ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம் 2010-இல் திருத்தப்பெற்றது. அதன்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து எத்திசையிலும் 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. கோபுரத்திலிருந்து கயிறு பிடித்து அளப்பார் பலர், அது பிழை. பாதுகாக்கப்பட்ட இடத்தின் வெளி எல்லையிலிருந்தே அளக்கவேண்டும். முதற்பகுதியில் தனியார் புதிதாக ஒன்றும் கட்டலாகாது. இரண்டாம் பகுதியில் அனுமதி பெற்றுக் கட்டலாம். மீறியவருக்கு இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

தடை செய்யப்பட்ட பகுதியில் வாழ்வோர் ஒழுகும் கூரையின் கீழேயே கிடக்கவேண்டுமோ எனின், வேண்டுவதில்லை. 1992 சூன் 16-க்கு முன்பே இருந்த வீடாயின், பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் விண்ணப்பிக்கலாம். ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. அதனைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். இருந்த கட்டடத்தை அதே நீள அகலத்திலும் அதே உயரத்திலும் திரும்ப எழுப்புவதைச் சட்டம் 'மறுகட்டுமானம்' என்கிறது. பழுதுபார்த்தல் என்பதில் அது அடங்காது. மறுகட்டுமானத்திற்கு இரண்டாம் பகுதியில் அனுமதி கேட்கலாம். முதற்பகுதியில் அதற்கு வழி இல்லை. ஆகவே, விரிசல் கண்ட வீட்டை இன்று செப்பனிட வழியுண்டு. அது விழுந்தபின் எடுத்துக்கட்ட வழியில்லை. வறுமையால் காலம் தாழ்த்துபவரே இதனால் மிகுதியும் இழக்கின்றனர்.

காலக்கணக்கையும் கூறிவிடுகிறேன். விண்ணப்பம் பெற்ற அதிகாரி 15 நாட்களுக்குள் அதனைத் தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்திற்கு அனுப்பவேண்டும். ஆணையம் இரண்டு மாதங்களுக்குள் தன் பரிந்துரையைத் தரவேண்டும். அதன்பின் ஒரு மாதத்தில் முடிவு அறிவிக்கப்படவேண்டும். அனைத்தும் ஒழுங்காக நடந்தாலே மூன்றரை மாதம். ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்ற எண்ணுபவர் சித்திரையிலேயே விண்ணப்பித்தல் நலம். வீடு 1992-க்கு முற்பட்டது என்பதைக் காட்டப் பழைய வீட்டுவரி இரசீதுகள் துணை நிற்கும். அவற்றைக் கரையானுக்கு இரையாக்கியவர் படும் பாடு தனிக்கதை.

இவ்விதியே வேண்டா என்பேனோ? என்னால் இயலாது. செட்டிநாட்டைப் பாருங்கள். பர்மாத் தேக்கில் இழைத்த தூண்களும் நிலைகளும் பெயர்க்கப்பட்டுக் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு வந்தன. ஒரு மாளிகைக்குப் பங்காளிகள் பலர். பேணும் செலவோ பெரிது. இடித்து விற்பதே எளிதாயிற்று. தடுக்க விதி இல்லாவிடில் நேர்வது அதுவே.

எனினும் சுமை எவர் தோளில் ஏறுகிறது என்பதையும் எண்ணவேண்டும். மும்பையில் 1995-இல் வந்த மரபுக் கட்டட விதிகள், கட்டும் உரிமையை இழந்த உரிமையாளர் அவ்வுரிமையை வேறிடத்தில் கட்டுவோருக்கு விற்க வகை செய்தன. இழப்பில் ஒரு பகுதியேனும் அவ்வாறு ஈடாகிறது. நான் சொன்ன நடுவண் சட்டத்தில் அத்தகைய ஏற்பாடு இல்லை. கோயிலின் அழகைக் காண்பவர் உலகத்தார். அதற்காக மாடியை இழப்பவர் அண்டை வீட்டார். இது நேரிதென எனக்குத் தோன்றவில்லை.

நண்பர் மாடி எண்ணத்தைக் கைவிட்டார். ஓடு மாற்றவும் பின்சுவரின் விரிசலை அடைக்கவும் மட்டும் விண்ணப்பித்து அனுமதி பெற்றார். மகன் கும்பகோணத்தில் வாடகை வீட்டில் இருக்கிறான். காலையில் மிதிவண்டியில் வந்து, தந்தையோடு தறியில் அமர்ந்துவிட்டு இரவில் திரும்புகிறான்.