கலியாணத்துக்கு முன் எடுக்கும் காசு

சகோதரியே, நிக்காஹ் நாள் குறித்தாயிற்று. கடையிலோ, ஆடைத் தொழிற்சாலையிலோ, தனியார் காரியாலயத்திலோ பார்த்த வேலையை விடுவதாகக் கடிதமும் கொடுத்தாயிற்று. அப்போது கூட வேலை செய்யும் யாராவது காதோடு சொல்வார்: “ஈ.பீ.எஃப். காசை எடுக்கலாமே!”

சொல்வது உண்மைதான். ஊழியர் சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பெறுவதே பொது விதி. ஆனால் திருமணத்துக்காக வேலையை விடும் பெண் அதற்கு முன்பே முழுத் தொகையையும் எடுத்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. சலுகை என்றுதான் இதைச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை.

என் சாச்சி அப்படித்தான் எடுத்தார். அலுமாரியும் சோபாவும் வந்தன. பதினைந்து வருடத்தில் சோபா உக்கிப்போனது. சாச்சப்பா மௌத்தான பின்னர், மகனிடம் மருந்துக்குக் காசு கேட்கக் கூச்சப்பட்டு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான்.

அந்தக் காசு எப்படிச் சேர்கிறது என்று பாருங்கள். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்படுகிறது. முதலாளி தன் கையிலிருந்து 12 வீதம் போடுகிறார். 40,000 ரூபா சம்பளமென்றால் மாதம் 8,000 ரூபா. ஐந்து வருடத்தில் முதல் மட்டுமே 4,80,000 ரூபா. இதற்குப் புறம்பாக, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் செலுத்த வேண்டும்.

வேலையை விட்டதும் கணக்கு அழிந்துவிடும் என்று பயப்படாதீர்கள். அது இலங்கை மத்திய வங்கியின் பொறுப்பில் உங்கள் பெயரிலேயே இருக்கும். வருடாந்தம் வட்டியும் சேரும். இந்த வட்டி பற்றி மனதில் நெருடல் இருந்தால் அறிந்த ஓர் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். வரியிலும் ஒரு சலுகை உண்டு. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் இந்நிதி சேர்ந்துகொண்டதால் அதன் வருமானத்துக்கு 14 வீத வரி தொடர்ந்தது. சேராத நிதிகளுக்கு 30 வீதம் என்று வைத்தார்கள்.

குறையையும் மறைக்கக் கூடாது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி ஒரு வருடத்துக்கு முன்பிருந்ததைவிட ஏறக்குறைய 70 வீதம் ஏறியிருந்தது. அந்த வருடத்துக்கு நிதி கொடுத்ததோ 9 வீதம். ஆகவே இதை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஆனாலும் கலியாணச் சாப்பாட்டோடு கரைந்துபோன காசுக்கு 9 வீதமும் இல்லையே!

வீடு கட்டவோ வைத்தியத்துக்கோ அவசரம் வந்தால், பத்து வருடம் பங்களிப்புச் செய்து இன்னும் தொழிலில் இருப்பவர் 30 வீதம் வரை எடுக்க 2012 ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்திருக்கிறது.

வேலையை விடுமுன் இன்னொன்றையும் பாருங்கள். சம்பளத்தில் கழித்த பணத்தை நிதிக்கு அனுப்பாத முதலாளிமாரும் இருக்கிறார்கள். ஒரு மாதத்துக்குரிய பணம் அடுத்த மாத முடிவுக்குள் போய்ச் சேர வேண்டும். சம்பளச் சிட்டைகளைக் கணக்கு மீதியுடன் ஒப்பிடுங்கள். குறைந்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

மஹர் எப்படி உங்களுக்கே உரியதோ, இந்தக் காசும் அப்படியே. உறுப்பினர் இலக்கமுள்ள அந்த ‘பி’ அட்டை இப்போது எங்கே இருக்கிறது? தேடியெடுத்து, நிக்காஹ் பதிவுத் துண்டோடு சேர்த்து வையுங்கள்.