செத்துப்போன காண்டாமிருகம் திரையில் நடக்கிறதே... எப்படி?

வெறும் வெள்ளை அறை. அதற்குள் சதுரம் சதுரமாக ஏதோ அசைகிறது. பழைய வீடியோ கேம் பொம்மை மாதிரி. கொஞ்ச நேரத்தில் அந்தச் சதுரங்கள் சிறுத்து, தோல் மடிப்பும் கொம்பும் தெரிய ஆரம்பிக்கின்றன. மூச்சு விடும் சத்தம் கேட்கிறது. ஆளுயரத்துக்கு நிற்கும் ஒரு காண்டாமிருகம் நம்மைத் திரும்பிப் பார்க்கிறது. அடுத்த நொடி, காணோம்!

பிரிட்டிஷ் கலைஞர் அலெக்ஸாண்ட்ரா டெய்சி கின்ஸ்பெர்க் 2019-ல் உருவாக்கிய ‘தி சப்ஸ்டிட்யூட்’ என்ற டிஜிட்டல் படைப்பு இது. தமிழில் சொன்னால், ‘மாற்று’.

யாருக்கு மாற்று?

வடக்கு வெள்ளை காண்டாமிருகம் என்ற இனத்துக்கு. (பெயரில்தான் வெள்ளை, ஆள் என்னவோ சாம்பல் நிறம்!) இந்த இனத்தின் கடைசி ஆண், சூடான். குட்டியாகப் பிடிக்கப்பட்டு, 1975-ல் செக் நாட்டு உயிரியல் பூங்காவுக்குப் போனது. 2009-ல் கென்யாவின் ஓல் பெஜெட்டா காப்பகத்துக்குக் கொண்டுவரப்பட்டது. இருபத்து நாலு மணி நேரமும் துப்பாக்கிக் காவல். எதற்கு? கொம்புக்காக. நம் நகத்தில் இருக்கிற அதே கெரட்டின்தான் அந்தக் கொம்பும். அதற்காகத்தான் ஒரு இனத்தையே வேட்டையாடித் தீர்த்தோம். 2018 மார்ச் 19-ல், 45 வயதில் சூடான் இறந்தது. இப்போது மிச்சம் இரண்டே பெண்கள்: மகள் நாஜின், பேத்தி ஃபாட்டு.

சரி, திரையில் இருப்பதை நடக்க வைப்பது எது?

எலி போன்ற உயிரினங்களின் மூளையில் ‘கிரிட் செல்’ என்ற நரம்பணுக்கள் உண்டு. தான் எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் போகிறோம் என்று கணக்குப் போட உதவுபவை இவை. இதைக் கண்டறிந்தவர்களுக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. 2018-ல் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், வழி கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுத்த ஒரு ஏஐ-க்குள் இதே போன்ற அமைப்பு தானாகவே உருவாவதைக் கண்டார்கள். அந்த ஏஐ நடந்த பாதைதான் இந்தக் காண்டாமிருகத்தின் பாதை. அறை பழகப் பழக, உருவமும் தெளிவாகிறது. குரலும் நடத்தையும் உயிரோடு இருந்த கடைசிக் கூட்டத்தைப் பதிவு செய்த ஆய்வுப் படங்களில் இருந்து எடுக்கப்பட்டவை.

புதிய ‘அறிவை’ உண்டாக்கக் காட்டும் வேகத்தில் கொஞ்சமாவது ஏற்கெனவே இருக்கும் உயிர்களிடம் காட்டுகிறோமா என்பதுதான் கின்ஸ்பெர்க்கின் கேள்வி. ஆனால், என்னைத் தைத்தது அந்தக் கேள்வியைவிட, அந்த அறைதான். புல் இல்லை, சேறு இல்லை, முதுகில் உட்காரக் குருவி இல்லை. காடு இல்லாமல் ஒரு காண்டாமிருகம், காண்டாமிருகமா?

ஆய்வகத்திலும் ஒரு ‘மாற்று’ முயற்சி நடக்கிறது. நாஜின், ஃபாட்டு இரண்டாலும் கரு சுமக்க முடியாது. அதனால் ஃபாட்டுவின் கருமுட்டையையும், இறந்துபோன ஆண்களின் உறைந்த விந்தணுவையும் சேர்த்துக் கருக்களை உருவாக்குகிறார்கள். சுமக்கப்போவது தெற்கு வெள்ளை இனத்து வாடகைத் தாய். ஒத்திகையாகத் தெற்கு இனக் கருவையே வைத்துப் பார்த்தார்கள். கரு தங்கியது. ஆனால், தாய் பாக்டீரியா தொற்றில் இறந்துவிட்டது. வயிற்றில் இருந்த சிசுவுக்கு 70 நாள். இந்தச் செய்தியை 2024 ஜனவரியில் வெளியிட்டார்கள். வடக்கு இனக் கருக்களைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்துப் பாதுகாக்கிறார்கள்.